ஒரு பிடி புளிச்சோறு

நான் சொல்லப்போவதை நானே பல வருஷமாக முழுசாக நம்பவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் என்னைக் குறை சொல்லக் கூடாது. நம்பாமலேயே நாலு பேருக்குச் சொல்லிக்கொண்டும் இருந்தேன். போன மாதம் இதே பெஞ்சில் உட்கார்ந்து நீங்கள் இதே கேள்வியைக் கேட்டிருந்தால், "தாராளமாப் பண்ணலாம் சார், எங்க வீட்டுலயே பண்ணினோம்" என்று ஆரம்பித்திருப்பேன். நீங்கள் எழுந்து போனாலும் பின்னாலேயே வந்து சொல்லியிருப்பேன்.

வயிற்றுக் கிருமியைச் சாப்பாட்டிலேயே சரிபண்ணிவிடலாமாமே என்றுதானே கேட்டீர்கள்? டாக்டரம்மா எழுதிக்கொடுத்த சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தீர்களே, பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மருந்துக்கடை இந்த வராந்தாவின் கோடியில் இருக்கிறது. அதைத் தாண்டித்தான் இங்கே வந்து உட்கார்ந்தீர்கள். யாருக்கு, வீட்டம்மாவுக்கா? மயக்கம் தெளிய உள்ளே படுக்க வைத்திருக்கிறார்களா? சரி. எனக்கும் வீட்டம்மாதான். உள்ளேதான் இருக்கிறாள். இன்னும் கூப்பிடவில்லை. கூப்பிடும்வரை சொல்கிறேன்.

எனக்கு ஊர் குளித்தலை. பெயர் தணிகாசலம். மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை. விவசாயிகள் மஞ்சள் பையில் மண்ணைக் கட்டிக்கொண்டு வருவார்கள். அதைக் காயவைத்து, சலித்து, தண்ணீரில் கலக்கி, புளித்த மண்ணா, உவர் மண்ணா, என்ன போட வேண்டும் என்று சொல்வோம். அவ்வளவுதான். ஆனால் ஒரே வேலையை இத்தனை வருஷம் பார்த்தால் அது தலைக்குள் குடியேறிவிடுகிறது. எதைப் பார்த்தாலும் மண்ணாகத் தெரியும். அதுதான் இதில் வந்த வினையோ என்று சில நேரம் நினைக்கிறேன். சில நேரம் இல்லை என்றும் நினைக்கிறேன்.

என் வீட்டுக்காரி பெயர் இந்திராணி. ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கோடையில் அவளுக்கு நெஞ்சுக்குக் கீழே எரிய ஆரம்பித்தது. வயிறு காலியாக இருந்தால் எரியும். ஏதாவது போட்டால் கொஞ்சம் அடங்கும். பிறகு மறுபடியும். அவள் ஓமத்தண்ணீர் குடிப்பாள். எதிர்க்கடையில் சோடா வாங்கிக் குடிப்பாள். "நேரத்துக்குச் சாப்பிடு இந்திராணி" என்று நான் தினமும் சொல்வேன். சொல்லாமல் இருந்ததே இல்லை. நானும் பையனும் சாப்பிட்டுக் கிளம்பிப் போன பிறகு, பாத்திரம் விளக்கி, துணி அலசிப் போட்டுவிட்டுத்தான் அவள் உட்காருவாள். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

இதே ஆஸ்பத்திரிக்குத்தான் அழைத்து வந்தேன். குழாய் விட்டுப் பார்த்தார்கள். இதே டாக்டரம்மாதான். அப்போது சின்னப் பெண், மடமடவென்று பேசுவார்.

"வயித்துல கிருமி இருக்கும்மா. பயப்பட ஒண்ணும் இல்ல, நம்ம ஊர்ல எத்தனையோ பேருக்கு இருக்கு. ரெண்டு வாரம் மாத்திரை. நடுவுல நிறுத்தக் கூடாது. முடிச்சு ஒரு மாசம் கழிச்சு வாங்க, கிருமி போயிடுச்சான்னு பாக்கணும். வீட்டுல இருக்கிறவங்களும் ஒரு தடவ டெஸ்ட் பண்ணிக்கிட்டா நல்லது சார்."

எனக்கு ஞாபகசக்தி நல்லது. ஒரு வார்த்தை விடாமல் நினைவிருக்கிறது.

மாத்திரை என்றால் உங்கள் சீட்டில் இருப்பதுதான். காலையில் ஒரு கை, ராத்திரி ஒரு கை. முதல் இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "வாயெல்லாம் செம்புக்காச ஊறப்போட்ட மாதிரி இருக்குங்க" என்றாள்.

"மருந்துன்னா அப்படித்தான் இருக்கும்."

"சோறு கொதிக்கிற வாசனையே ஆகல. குடலப் பொரட்டுது."

அடுப்பில் எதையாவது வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் ஓடுவாள். ஒருநாள் உப்புமா அடிப்பிடித்துவிட்டது. எனக்கு அன்றைக்குக் கலெக்டர் ஆபீஸில் கூட்டம். பையன் வேறு டிபன் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டான். அப்போது நான் சொன்னேன், கோபமாகச் சொல்லவில்லை, அவளுக்காகத்தான் சொன்னேன்: "ரொம்ப முடியலன்னா விட்டுடு, வேற வழி பாப்போம்."

நீங்கள் சொல்லுங்கள் சார், இது நிறுத்தச் சொல்வதா? "முடியலன்னா" என்று ஒரு வார்த்தை அதில் இருக்கிறதல்லவா? இதை நான் எத்தனையோ தடவை நிறுத்துப் பார்த்துவிட்டேன். அந்த வார்த்தை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் மறுநாளிலிருந்து அவள் மாத்திரையைத் தொடவில்லை.

அந்தச் சமயத்தில் எல்லார் போனிலும் ஒரு வீடியோ சுற்றிக்கொண்டிருந்தது. வயிற்றுக் கிருமிக்கு முட்டைக்கோஸ் சாறு. பார்த்ததும் எனக்குள் ஒரு விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. ஏனென்றால் எங்கள் வேலையும் அதுதானே? மண் புளித்துவிட்டால் விஷத்தைத் தெளிக்கச் சொல்ல மாட்டோம். சுண்ணாம்பு போடு, தொழுவுரம் போடு, நல்ல நுண்ணுயிரைப் பெருக்கு, கெட்டது தானாக ஒதுங்கும் என்போம். வயிறும் ஒரு வயல்தானே என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை ஒரு பெரிய கண்டுபிடிப்பு மாதிரி இந்திராணியிடம் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "அப்ப எனக்கும் ரெண்டு கூடை எரு போடப்போறீங்களா?" என்றாள். அவளுக்குக் கிண்டல் உண்டு. பார்த்தால் தெரியாது.

பத்தியத்தை நானே பொறுப்பெடுத்துக்கொண்டேன். மிளகாய் இல்லை, புளி இல்லை, ஊறுகாய் இல்லை. காப்பி, டீ இல்லை. எண்ணெயில் பொரித்தது எதுவும் இல்லை. காலையில் பழைய சோற்றுத் தண்ணீர், கெட்டித் தயிர் கொஞ்சம். பதினொரு மணிக்கு முட்டைக்கோஸ் சாறு. மத்தியானம் மணத்தக்காளிக் கீரை, குழைந்த சோறு, பாசிப்பருப்பு. சாயங்காலம் மாதுளை. ராத்திரி இட்லி, தொட்டுக்கொள்ளத் தயிர். முட்டைக்கோஸை அவளே அம்மியில் நசுக்கி, வெள்ளைத்துணியில் பிழிந்து எடுத்து வருவாள். நான் லீவு நாட்களில் எதிரே நின்று குடிக்கவைப்பேன். மற்ற நாட்களில் ஆபீஸிலிருந்து போன் போட்டுக் கேட்பேன்.

"குடிச்சியா?"

"குடிச்சேன்."

"முழுசாவா?"

"மாட்டுக்குத் தவிட்டுத்தண்ணி காட்டுற மாதிரி காட்டுறீங்க. குடிச்சேங்க."

முதலில் வீடு முழுக்க ஒரே சாப்பாடுதான் என்று சொன்னேன். அவள் மட்டும் உப்புச்சப்பில்லாமல் சாப்பிட, நாங்கள் குழம்பு ஊற்றிக்கொள்வது நன்றாகவா இருக்கும்? நல்ல எண்ணம்தான். எங்கள் பையன் எழிலன் அப்போது பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தான். தட்டைப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, வெந்நியில பருப்பு குளிச்சிட்டுப் போயிருக்கு" என்றான். நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். மறுநாள், "கிருமி அம்மா வயித்துல. ஜெயில் தண்டன எங்களுக்கா?" என்றான். அதற்கும் சிரித்தோம். ஆனால் ஒரு வாரத்தில் எனக்கே நாக்குச் செத்துப்போயிற்று. ஆபீஸ் கேண்டீனில் போய் வத்தக்குழம்பு வாங்கிச் சாப்பிட்டேன். அதை வீட்டில் சொல்லவும் செய்தேன், மறைக்கவில்லை.

அதன் பிறகு இந்திராணி இரண்டு சமையல் செய்ய ஆரம்பித்தாள். எங்களுக்குக் காரமாக ஒன்று, அவளுக்கு ஒரு கிண்ணத்தில் பத்தியம். நான் கேட்கவில்லை. அவளாகவே செய்தாள். வேலை கொஞ்சம் கூடியிருக்கும், ஆனால் அது அவளுக்குப் பழக்கம்தான். மிளகாய் தாளிக்கும்போது மட்டும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பாள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டில் எப்படியோ தெரியாது. எங்கள் வீட்டில் நான் சாப்பிட்ட தட்டில்தான் இந்திராணி சாப்பிடுவாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். யாரும் கட்டாயப்படுத்தியதில்லை. நானும் கடைசியில் குழம்புச்சோறு ஒரு வாய், பொரியல் கொஞ்சம், தட்டிலேயே அவளுக்கென்று ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் எழுவேன். எங்கள் அப்பாவும் அம்மாவுக்கு அப்படித்தான் வைப்பார். வைக்காமல் எழுந்தால் அன்றைக்கு ஏதோ சண்டை என்று அர்த்தம். பத்தியம் இருந்த காலத்திலும் நான் வைத்தேன். அவள் அதைச் சாப்பிட வேண்டும் என்று வைக்கவில்லை. கை தானாக வைத்தது. சோற்றைக் கொட்ட அவளுக்கு மனசு வராது. அந்த ஒரு வாயையும் சாப்பிட்டுவிட்டு, அதே தட்டில் தன் கிண்ணத்தைக் கவிழ்த்துக்கொள்வாள். இத்தனையும் எனக்கு அப்போது கண்ணில் படவில்லை. நான் சாப்பிட்டு எழுந்த பிறகு நடப்பதை நான் எப்படிப் பார்ப்பேன்?

ஆடிப்பெருக்கு வந்தது. உங்களுக்குத் தெரிந்திருக்கும், எங்கள் ஊரில் அன்றைக்கு எல்லாரும் காவிரிக்குப் போய்விடுவோம். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச்சோறு எல்லாம் கட்டிக்கொண்டு போய், மஞ்சள் கயிறு கட்டி, படித்துறையில் உட்கார்ந்து சாப்பிடுவது. அந்த வருஷம் புளிச்சோறு வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன். ஆனால் விடியும்போதே புளிக்காய்ச்சல் வாசனை. எழுந்துபோய்ப் பார்த்தால் இந்திராணி வெல்லம் தட்டிப் போட்டுக் கிண்டிக்கொண்டிருக்கிறாள்.

"உனக்கு ஆகாதுல்ல?"

"உங்களுக்கும் புள்ளைக்கும் ஆகும்ல? பெருக்குக்குப் புளிச்சோறு இல்லாம ஆத்துக்குப் போறதா?"

தண்ணீர் அந்த வருஷம் இரண்டு கரையும் தொட்டுப் போனது. படித்துறையில் வாழையிலையை விரித்துப் பரிமாறினாள். எழிலன் வாயில் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். "அம்மா, உசுரு திரும்பி வருது" என்றான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அப்போது இந்திராணி என் இலையிலிருந்து ஒரு பிடி புளிச்சோற்றை எடுத்தாள். நான், "ஏய், ஏய்" என்கிறேன். வாயில் போட்டு, மென்று, முழுங்கிவிட்டு, கையை ஆற்றுத்தண்ணீரில் அலசிவிட்டுச் சொன்னாள்:

"ஒண்ணும் பண்ணலைங்க. எனக்குச் சரியாயிடுச்சு."

"எரியலையா?"

"எரியல. இப்ப ஒண்ணும் இல்ல."

எழிலன் கையைத் தட்டினான். எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? ஒரு போகம்கூட விளையாது என்று கைவிட்ட நிலத்தில் விளைச்சலைப் பார்த்த மாதிரி இருந்தது. நான் பண்ணினேன் என்று நினைத்தேன். சாறு பிழிந்ததும் குடித்ததும் அவள்தான், ஆனாலும் நான் பண்ணினேன் என்று நினைத்தேன். மறுநாள் முதல் வீட்டில் ஒரே சமையல்.

ஒரு மாதம் கழித்து வரச்சொன்னார்களே, போகவில்லை. எரியவில்லை என்று அவளே சொல்லும்போது எதற்கு மறுபடியும் ஆஸ்பத்திரி? நான் டெஸ்ட் எடுத்துக்கொள்வதும் அப்படித்தான். எனக்கு ஒன்றும் இல்லையே.

அன்று தொடங்கி நான் சொல்ல ஆரம்பித்தவன்தான். ஆபீஸில், பஸ்ஸில், கல்யாணப் பந்தியில். யாராவது ஏப்பம் விட்டால் போதும். மண் கொண்டுவரும் ஆட்களிடம் அரைமணி நேரம் சொல்வேன். நம்பாதவர்களை வீட்டுக்கே அழைத்து வந்துவிடுவேன். லாலாபேட்டைப் பக்கத்திலிருந்து சின்னையன் என்று ஒரு வாழைக்காரர் வந்தார். அவருக்கும் இதே கிருமி, இதே மாத்திரை, இதே வாய்க்கசப்பு. கூடத்தில் உட்காரவைத்து, "இந்திராணி, நீயே சொல்லு" என்றேன். அவள் சமையற்கட்டு நிலைப்படியில் வந்து நின்றாள்.

"நெசமாவா தாயி? கோசுத்தண்ணியிலயே போயிடுச்சா?"

"ஆமாண்ணே. இப்ப ஒண்ணும் இல்ல."

"மாத்திர ஒண்ணும் வேணாமா?"

இந்திராணி என்னைப் பார்த்தாள். பிறகு அவரிடம், "உங்க ஒடம்புக்கு எது ஒத்துக்குதுன்னு டாக்டரக் கேட்டுக்குங்கண்ணே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். எனக்குக் கோபம் வந்தது. ஒரு சாட்சியை அழைத்தால் அது உறுதியாகப் பேச வேண்டாமா?

சின்னையன் என்ன ஆனார் என்று கேட்காதீர்கள். இப்போது அவர் மண் கொண்டுவருவதில்லை. அவர் மகன் கொண்டுவருகிறான். நான் விசாரிக்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

சந்தேகம் எப்படி வந்தது என்று கேட்டால், அதைச் சரியாகச் சொல்ல முடியும். எங்கள் வேலையில் ஒரு விஷயம் உண்டு. ஒரு வயலில் நாலு இடத்தில் மண் எடுக்கச் சொல்வோம். நாலும் கொஞ்சம் கொஞ்சம் வேறுபடும். ஒரே மாதிரி வந்தால் நாங்கள் சந்தோஷப்பட மாட்டோம். நாலு இடத்தில் எடுக்கச் சோம்பல்பட்டு, வரப்போரத்தில் ஒரே குழியில் எடுத்து நாலாகப் பிரித்துக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறான் என்று தெரிந்துவிடும். இந்திராணியிடம் யார் கேட்டாலும், எப்போது கேட்டாலும் ஒரே பதில். "இப்ப ஒண்ணும் இல்ல." ஒரு நாளாவது, "நேத்து லேசா இருந்துச்சு" என்று சொல்லியிருக்கலாம். "பரவாயில்ல" என்று சொல்லியிருக்கலாம். எனக்கே பிரியாணி சாப்பிட்டால் எரிகிறது. அவளுக்கு மட்டும் எதுவுமே, எப்போதுமே ஒன்றும் இல்லை.

அப்புறம் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. குனிந்து கோலம் போடும்போது இடது கையை மடக்கி நெஞ்சுக்குக் கீழே ஒரு முட்டு கொடுத்துக்கொள்வாள். சீரியல் பார்க்கும்போது தலையணையை மடியில் வைத்து அதன்மேல் சாய்ந்துகொள்வாள். அரிசி டிரம்முக்குப் பின்னால் ரோஸ் கலரில் வயிற்று மருந்துப் பாட்டில் ஒன்று இருந்தது. பாதி காலி. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

ஏன் கேட்கவில்லை என்கிறீர்களா? எழிலனும் ஒருதடவை போனில் கேட்டான், அவன் ஓசூரில் வேலைக்குப் போன பிறகு: "அப்பா, அம்மா இளைச்ச மாதிரி தெரியுதே, கேட்டீங்களா?" கேட்டேன் என்று சொன்னேன். கேட்டேன்தான். "நல்லாத்தான இருக்க?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டால் வேறு என்ன பதில் வரும்? மண்ணைக் கொடுத்துவிட்டு, "நல்ல மண்ணுதான சார்?" என்று எங்களிடம் கேட்கிறவர்கள் உண்டு. நாங்கள் சிரிப்போம்.

முந்தாநாள், குழம்பு தாளித்துக்கொண்டிருந்தவள் அப்படியே அடுப்படியில் சரிந்துவிட்டாள். கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கரண்டி விழுந்த சத்தமும் கேட்டது. ஏதோ கை தவறிவிட்டது என்று நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கருகிய வாசனை வந்த பிறகுதான் எழுந்துபோனேன். பக்கத்தில் வாந்தி எடுத்திருந்தாள். காப்பித்தூளைக் கரைத்து ஊற்றிய மாதிரி. உள்ளூர் ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். உடம்பில் பாதி ரத்தம்கூட இல்லை, எத்தனை நாளாக உள்ளே கசிந்துகொண்டிருந்ததோ என்றார்கள். வெளிக்கிருந்தது கறுப்பாகப் போயிற்றா என்று நர்ஸ் கேட்டதற்கு, "போச்சு" என்றாள். "எத்தன நாளாம்மா?" என்றதற்குச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். உடனே திருச்சிக்குக் கொண்டு போங்கள் என்று இங்கே அனுப்பிவிட்டார்கள்.

இன்று காலையில் டாக்டரம்மா பார்த்தார். இப்போது கண்ணாடி போட்டிருக்கிறார், பேச்சும் நிதானமாகிவிட்டது. பழையதையெல்லாம் கேட்டுவிட்டு, "அந்த மாத்திரைய முழுசா முடிச்சீங்களாம்மா?" என்றார். இந்திராணி என்னைப் பார்த்தாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா சார்? நாக்கு பழகிவிட்டது. "சாப்பாட்டுலயே சரியாயிடுச்சு டாக்டர்" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"யார் சொன்னா?"

"இவதான் சொன்னா."

"சாப்பாடு எரிச்சலக் கொஞ்சம் அடக்கும் சார். கிருமி அங்கேயேதான் இருக்கும். உள்ள போய்ப் பாத்தாதான் தெரியும், வெறும் புண்ணா, வேற ஏதாவதான்னு. சதை எடுத்து அனுப்புவோம்." பிறகு, "வீட்டுல ஒரே தட்டுல சாப்பிடுற பழக்கம் உண்டா?" என்று கேட்டார்.

"அவ எப்பவும் என் தட்டுலதான் டாக்டர்." கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"நீங்க டெஸ்ட் எடுத்தீங்களா?"

"எனக்கு ஒண்ணும் இல்லையே."

"இவங்களும் அதையேதான சொல்லிட்டிருந்தாங்க?" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எனக்கும் டெஸ்ட் எழுதிக்கொடுத்திருக்கிறார். இதோ, என் பையிலும் ஒரு சீட்டு.

"வேற ஏதாவது" என்று சொன்னாரே, அதைத்தான் இப்போது இங்கே உட்கார்ந்து சுற்றிச் சுற்றி வருகிறேன். எழிலன் பஸ் ஏறிவிட்டான், வந்துகொண்டிருக்கிறான். வந்ததும் கேட்பான். என்னப்பா ஆச்சு என்பான். அவனுக்கு என்ன சொல்வது? கையைத் தட்டினவன் அவனும்தானே?

நீங்கள் அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு போய் மாத்திரையை வாங்கிவிடுங்கள் சார். நான் சொல்கிறேன் என்பதற்காக இல்லை, நான் சொல்லி இதற்கு முன்னால் கேட்டவர்கள் எல்லாம் இருக்கிறார்கள். தயிர், கீரை எல்லாம் கொடுங்கள், அதற்கு டாக்டரம்மாவும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். வீட்டம்மா வாயெல்லாம் கசக்கிறது என்பார். புரட்டுகிறது என்பார். டாக்டருக்குப் போன் போட்டு வேறு ஏதாவது மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். ஒரு வாரம் நீங்கள் அடுப்பைப் பாருங்கள், கெட்டுப்போனால் கெட்டுப்போகட்டும். "முடியலன்னா விட்டுடு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இந்தக் கைக்குட்டையில் இருப்பது அவள் மூக்குத்தியும் தோடும். உள்ளே கூட்டிப்போகும்முன் கழற்றச் சொன்னார்கள். மூக்குத்தி திருகு இறுகிப்போயிருந்தது, நான்தான் கழற்றினேன். அவள் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து ரொம்ப நாளாகிறது. கன்னம் உள்ளே போயிருந்தது. எழிலன் ஓசூரிலிருந்து போனில் பார்த்துக் கண்டுபிடித்ததை, நான் எதிரே உட்கார்ந்தும் பார்க்கவில்லை.

"ஏங்க, நேரத்துக்குச் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். அப்போதும்.

"சாப்பிட்டேன்" என்றேன். சாப்பிடவில்லை. அவள் ஒரு மாதிரி சிரித்தாள். நான் பொய் சொன்னது அவளுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு உடனே ஒன்று தோன்றியது, சாப்பிட்டேன் என்று நான் சொன்ன அதே குரலில்தான் அவளும் ஒண்ணும் இல்ல என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு எழுத்து வித்தியாசம் இல்லை.

கேட்டுவிட வேண்டும் என்று அப்போதே வாய் வரைக்கும் வந்தது. ஆனால் நர்ஸ் வந்துவிட்டது. "வாயத் திறங்கம்மா" என்று தொண்டைக்குள் மரப்பு மருந்தை அடித்தது. "இனிமே பேசாதீங்க. எச்சில முழுங்காதீங்க, தொண்டை மரத்துப்போகும்" என்று சொல்லிவிட்டு, ஸ்ட்ரெச்சரின் கம்பியைத் தூக்கி மாட்டப் போயிற்று. இந்திராணி வாயைத் திறந்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணோரம் தண்ணீர் வழிந்தது, மருந்தின் காட்டம் என்று நினைக்கிறேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் எனக்குத் தைரியம் வந்தது. ஏன் அப்போது வந்தது என்று உங்களுக்குப் புரிந்தால் என்னிடம் சொல்ல வேண்டாம். குனிந்து, அவள் காதோரம் கேட்டேன்:

"இந்திராணி, அன்னிக்கு ஆத்துல வச்சு, வலி நின்னுடுச்சா உனக்கு? இல்ல, சொல்றத நிறுத்திட்டியா?"